ஆசிரியராக இருந்து வழக்கறிஞராக: தென்னாப்பிரிக்காவில் படிப்படியாக ஒரு வழி

சாட்ஸ்வொர்த்தில் 23 ஆண்டுகள் பாடம் நடத்திவிட்டு இன்று டர்பனில் அட்டர்னியாக இருக்கிறேன். எல்எல்.பி.யில் சேர்ந்த நாளிலிருந்து உயர் நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்த நாள்வரை எட்டரை ஆண்டுகள் ஆயின. அதற்கு முன்பே ஓர் ஆண்டை வெறும் காகித வேலையில் இழந்தேன். உங்களுக்கு அந்த ஓர் ஆண்டு மிச்சமாக வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என்னை இந்தப் பக்கம் திருப்பியவர் ஒரு பாட்டி. பேரனைப் பள்ளியிலிருந்து நீக்கிவிட்டதாகக் கடிதம் வந்திருந்தது. ரொட்டி வாங்கிய பிளாஸ்டிக் பையில் அதை நான்காக மடித்து வைத்து, "டீச்சர், இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று என் வகுப்பறை வாசலில் நின்றார். அன்றிரவு தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டத்தை (1996-ன் 84-ஆம் சட்டம்) முதல் தடவையாகப் பிரித்துப் படித்தேன். ஒரு மாணவனை நிரந்தரமாக நீக்கும் அதிகாரம் பள்ளி நிர்வாகக் குழுவுக்கு இல்லை. குழு பரிந்துரைக்கலாம், முடிவெடுக்க வேண்டியவர் மாகாணக் கல்வித் துறைத் தலைவர். அத்தனை ஆண்டுகள் பள்ளிக்குள்ளேயே இருந்தும் எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. அந்தப் பையன் திரும்ப வகுப்புக்கு வந்தான்.

கீழே உள்ள எல்லாப் படிகளையும்விட முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சட்டப் படிப்பில் சேர்வதற்காக வேலையை விடாதீர்கள். வேலையை விட வேண்டிய நாள், பட்டத்துக்குப் பிறகு ஒரு வழக்கறிஞரின் கீழ்ப் பணியாற்றிப் பழகுவதற்கான பயிற்சி ஒப்பந்தம் கையெழுத்தாகி உங்கள் கைக்கு வரும் நாள்தான்.

1. எந்த வாசல் வழியாக நுழைவது என்று முடிவு செய்யுங்கள்

இந்த நாட்டில் வழக்கறிஞர் தொழிலுக்கு இரண்டு வாசல்கள் இருக்கின்றன. மக்களை நேரடியாகச் சந்தித்து வழக்கை ஏற்று நடத்துபவர் அட்டர்னி. பெரும்பாலும் அட்டர்னி வழியாக வரும் வழக்குகளில் நீதிமன்றத்தில் வாதாடுபவர் அட்வகேட். இரண்டுக்கும் எல்எல்.பி. பட்டம் வேண்டும். 2014-ன் 28-ஆம் சட்டமான லீகல் பிராக்டிஸ் சட்டம் இருவரையும் ஒரே அமைப்பின் கீழ் கொண்டுவந்தது. அந்த அமைப்பு லீகல் பிராக்டிஸ் கவுன்சில். 2018 நவம்பர் 1 முதல் இயங்குகிறது. இனி கவுன்சில் என்று மட்டும் குறிப்பிடுகிறேன்.

அட்வகேட் ஆவதற்கான ஓராண்டுப் பயிற்சிக்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு, வயதான பெற்றோர் என்று பொறுப்புகள் உள்ளவருக்கு அது கடினமான பாதை. பயிற்சிக் காலத்தில் சிறிதாவது சம்பளம் வரும் என்பதால் நான் அட்டர்னி வாசலைத் தேர்ந்தேன். பாட்டியின் கையிலிருந்து அந்தக் கடிதத்தை நேரடியாக வாங்கிப் படிக்கும் இடத்தில் இருக்கவே விரும்பினேன் என்பது இன்னொரு காரணம்.

பட்டமே இல்லாமல் பாராலீகலாக, அதாவது சட்ட உதவிப் பணியாளராக, சமூக ஆலோசனை மையங்களில் பணியாற்றும் வழியும் உண்டு. அது மதிப்புள்ள வேலை. ஆனால் பாராலீகல் டிப்ளமோ உங்களை அட்டர்னி ஆக்காது. விளம்பரங்களைப் பார்த்து அதில் பணம் கட்டிவிட்டுப் பிறகு வருந்திய இரண்டு ஆசிரியர்களை எனக்குத் தெரியும்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்து இங்கே பாடம் நடத்துகிறவர்களுக்கு ஒன்று. வழக்கறிஞராகப் பதிவு பெறுவதற்கு நீங்கள் தென்னாப்பிரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும், அல்லது இங்கே நிரந்தரமாக வசிப்பதற்கான அனுமதி பெற்றிருக்க வேண்டும். வேலை விசா போதாது. இந்த நிபந்தனையை எதிர்த்த வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது. 2022 ஆகஸ்டில் நீதிமன்றம் நிபந்தனையை உறுதி செய்துவிட்டது. படிப்பதற்குத் தடை இல்லை. ஆனால் படித்து முடித்துப் பதிவுக்குப் போகும்போது கதவு சாத்தியிருக்கும். நிரந்தர அனுமதிக்கான வேலையை முதல் ஆண்டிலேயே தொடங்குங்கள்.

2. உங்கள் பெயரைச் சரிசெய்யுங்கள்

நான் ஓர் ஆண்டை இழந்தது இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதியவர்கள் அவரவர் காதில் விழுந்தபடி எழுதினார்கள். ஒரே வீட்டில் அண்ணன் தம்பிகளின் குடும்பப் பெயர்கூட இரண்டு விதமாக இருக்கும். என் பிறப்புச் சான்றிதழில் பெயரின் முடிவில் ஓர் 'இ' எழுத்து கூடுதல். அடையாள அட்டையில் அது இல்லை. பட்டச் சான்றிதழ் தந்தை வழிப் பெயரில். ஆசிரியர் கவுன்சிலில் பதிவு செய்தது கணவரின் குடும்பப் பெயரில். மேசையில் நான்கு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது நான்கும் நான்கு பெண்களுடையவை போல இருந்தன.

கணவரின் பெயர் விஷயத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. கோயிலில் தாலி கட்டி நடந்த திருமணத்தை அரசுப் பதிவேட்டில் பதியாமல் விட்ட குடும்பங்கள் நம்மிடையே நிறைய. பதியாத திருமணத்துக்குத் திருமணச் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லாமல் பெயர் மாறியதை நிரூபிப்பது கடினம். உங்கள் நிலை இதுவானால், விண்ணப்பிப்பதற்கு முன்பே உள்துறை அலுவலகத்தில் திருமணத்தைப் பதிவு செய்வது பற்றிக் கேளுங்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். அடையாள அட்டையில் இருக்கும் பெயரையே மூலமாக வைத்துக்கொள்ளுங்கள். மற்ற காகிதங்களில் அதிலிருந்து மாறுபடுவதை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். திருத்த முடிந்ததைத் திருத்துங்கள். திருத்த முடியாத பழைய சான்றிதழ்களுக்கு, "இந்தப் பெயர்கள் அனைத்தும் என் ஒருத்தியையே குறிக்கும்" என்று ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி, உறுதிமொழி ஆணையர் முன் கையெழுத்திடுங்கள். மூலப் பிரதிகள் ஐந்தாவது வைத்துக்கொள்ளுங்கள். சேர்க்கை, பயிற்சி ஒப்பந்தப் பதிவு, தேர்வு, உயர் நீதிமன்றம் என்று நான்கு இடங்களிலும் நான் அதைக் கொடுத்தேன்.

3. ஆவணக் கோப்பு

ஒரே கோப்பில் இவை இருக்கட்டும்: அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், மெட்ரிக் சான்றிதழ், பட்டம் அல்லது டிப்ளமோ, பாடவாரியான மதிப்பெண் பட்டியல், ஆசிரியர் கவுன்சில் பதிவுச் சான்று, பணிச் சான்றுக் கடிதம், பெயர் பற்றிய பிரமாணப் பத்திரம்.

என்னைப் போல டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் கவனிக்க: அது 2004-ல் நட்டால் பல்கலைக்கழகத்துடன் இணைந்து க்வாசூலு-நட்டால் பல்கலைக்கழகம் ஆகிவிட்டது. பழைய மதிப்பெண் பட்டியலை அங்கேதான் கேட்க வேண்டும். பட்டச் சான்றிதழ் இருந்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். பழைய பட்டத்தில் படித்த பாடங்களைக் காட்டிப் பாடவிலக்குக் கேட்கும்போது பாடவாரியான பட்டியல்தான் வேண்டியிருக்கும்.

வெளிநாட்டுப் பட்டம் வைத்திருப்பவர்கள் முதலில் சாக்குவா என்ற தகுதிகள் ஆணையத்தில் பட்டத்தை மதிப்பீடு செய்து சான்று வாங்க வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம், தனிக் காத்திருப்பு. விண்ணப்பக் கடைசி நாளுக்கு ஆறு மாதம் முன்பே அனுப்பிவிடுங்கள்.

நகல்களில் முத்திரை குத்த எங்கும் பணம் கொடுக்க வேண்டாம். காவல் நிலையத்தில் இலவசமாகவே செய்து தருவார்கள். ஆனால் முத்திரையின் தேதியைப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட முத்திரையைப் பல இடங்கள் ஏற்பதில்லை. மொத்தமாக இருபது நகல் எடுத்து முத்திரை குத்தி அலமாரியில் வைத்தால் பாதி வீணாகும்.

4. எங்கே படிப்பது

வேலையில் இருந்துகொண்டே படிப்பதற்குத் தொலைநிலைக் கல்விதான் வழி. அதில் பெரியது யூனிசா என்ற தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகம். நேரடி வகுப்புக்குப் போக முடிந்தவர்களுக்கு க்வாசூலு-நட்டால் பல்கலைக்கழகம் டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் சட்டம் கற்பிக்கிறது. அதற்கு விண்ணப்பம் டர்பனில் உள்ள மத்திய விண்ணப்ப அலுவலகம் வழியாகப் போக வேண்டும். ஏற்கெனவே ஒரு பட்டம் இருப்பவர்களுக்கு நான்காண்டுப் படிப்பை மூன்றாண்டாகச் சுருக்கித் தரும் பல்கலைக்கழகங்களும் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் பகல் வகுப்புகள். பள்ளி வேலையோடு ஒத்துவராது.

தனியார் கல்லூரிகள் பற்றிப் பலர் என்னிடம் கேட்கிறார்கள். அங்கீகாரம் பெற்ற தனியார் கல்வி நிறுவனத்தின் எல்எல்.பி.யும் வழக்கறிஞர் பதிவுக்குச் செல்லும் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2019 டிசம்பரில் தீர்ப்பளித்தது. ஆகவே தனியார் என்பதாலேயே ஒதுக்க வேண்டாம். நீங்கள் பார்க்க வேண்டியவை இரண்டு: உயர்கல்வி கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா, தேசியத் தகுதிச் சட்டகத்தில் 8-ஆம் நிலை எல்எல்.பி. என்று பதிவாகியிருக்கிறதா. "சட்டத்தில் பி.காம்.", "சட்டத்தில் பி.ஏ." என்ற பெயரில் வருபவை எல்எல்.பி. அல்ல. அவற்றை முடித்த பிறகும் எல்எல்.பி. படித்தாக வேண்டும்.

விண்ணப்பக் காலத்தை நம் நாட்காட்டியோடு சேர்த்து மனத்தில் வைத்துக்கொண்டேன். புரட்டாசி விரதம் தொடங்கும்போது அடுத்த ஆண்டுக்கான விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். தைப்பூசக் காவடிக்கு வீடு தயாராகும் நாட்களில் பாடப் பதிவு. தீபாவளியை ஒட்டி ஆண்டிறுதித் தேர்வு. ஆறு தீபாவளிகளிலும் என் வீட்டில் முறுக்கு சுட்டவர் என் மாமியார்தான்.

5. மணிக்கணக்கைப் போட்டுப் பாருங்கள்

எல்எல்.பி. என்பது குறைந்தது 480 கிரெடிட். இங்கே ஒரு கிரெடிட் என்பது சராசரி மாணவர் ஒருவரின் 10 மணி நேர உழைப்பு. ஆக மொத்தம் 4,800 மணி. ஒரு பாடம் 12 கிரெடிட் என்றால் அதற்கு 120 மணி.

என் வாரம் இப்படி இருந்தது: திங்கள் முதல் வெள்ளி வரை அதிகாலை நாலரை முதல் ஆறு வரை, சனிக்கிழமை ஐந்து மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை இரண்டரை மணி நேரம். மொத்தம் 15 மணி. ஆண்டுக்கு 40 வாரம் என்றால் 600 மணி, அதாவது ஐந்து பாடங்கள். பள்ளி விடுமுறை நாட்களில் கூடுதலாக உட்கார்ந்ததால் ஆறு பாடங்கள் முடிந்தன. ஐந்து பாடங்களுக்குப் பழைய பட்டத்தை வைத்து விலக்குக் கிடைத்தது. மீதி 35 பாடங்களை ஆறு ஆண்டுகளில் முடித்தேன்.

நான்கே ஆண்டில் முடித்துவிடலாம் என்று ஆசைப்பட்டு முதல் ஆண்டே பத்துப் பாடம் எடுக்கும் ஆசிரியர்கள்தான் இரண்டாம் ஆண்டில் காணாமல் போகிறார்கள். விடைத்தாள் திருத்தும் பருவமும் உங்கள் தேர்வும் ஒரே மாதத்தில் வரும் என்பதை மறக்காதீர்கள். முதல் ஆண்டு நான்கு பாடம் போதும். அதே சமயம், பட்டத்தை முடிக்கப் பல்கலைக்கழகம் வைத்திருக்கும் உச்ச வரம்பு எத்தனை ஆண்டு என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பாடவிலக்கு தானாக வராது. சேர்ந்த உடனே விண்ணப்பிக்க வேண்டும். நான் இரண்டு பாடங்களுக்குப் பணம் கட்டிப் பதிந்த பிறகுதான் அவற்றுக்கு விலக்குக் கேட்டிருக்கலாம் என்று தெரிந்தது.

6. பணம்

அரசின் மாணவர் நிதி உதவித் திட்டமான என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். முதல் இளநிலைப் பட்டத்துக்கானது. ஏற்கெனவே பட்டம் பெற்ற ஆசிரியர் அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

கட்டணம் பாடம் பாடமாகக் கட்டுவது என்பதால் சம்பளத்திலிருந்தே சமாளிக்க முடிந்தது. கட்டணம், பழைய புத்தகங்கள், டேட்டா எல்லாம் சேர்த்துப் பாடம் ஒன்றுக்கு 2,500 ரேண்ட் என்று ஒதுக்கினேன், ஆண்டுக்கு 15,000. மாதம் 1,250 ரேண்டைத் தனிக் கணக்கில் போட்டுவந்தேன். கட்டணம் ஆண்டுதோறும் ஏறுகிறது. இன்று தொடங்குபவர் அந்த ஆண்டின் கட்டணப் பட்டியலைப் பார்த்துத் தம் கணக்கைப் போட வேண்டும்.

படிப்புச் செலவுக்காக மாலையில் டியூஷன் எடுக்க நினைத்தால், அரசுப் பணியில் உள்ள ஆசிரியர் வெளியே ஊதியத்துக்கு வேலை செய்யக் கல்வித் துறையின் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் எடுத்து ஒழுங்கு நடவடிக்கை வந்தால், அந்தப் பதிவு பின்னால் உயர் நீதிமன்றம் வரை உங்களோடு வரும். 11-ஆம் படியில் இதைத் திரும்பச் சொல்கிறேன்.

உண்மையான பணச் சிக்கல் படிக்கும்போது வரவில்லை. பயிற்சிக் காலத்தில் வந்தது. என் வருமானம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. அதற்கான சேமிப்பைப் படிக்கும் ஆறு ஆண்டுகளிலேயே சேர்த்தாக வேண்டும்.

7. படிக்கும் முறை

ஆசிரியருக்கு இங்கே ஒரு பலமும் ஒரு பலவீனமும் உண்டு. பாடத்தைப் பகுத்துச் சுருக்கி எழுத நமக்குத் தெரியும், அது பலம். தேர்வில் சட்ட வினாவைப் பார்த்ததும் தலைப்பைப் பற்றித் தெரிந்ததை எல்லாம் விளக்கி எழுதிவிடுவோம், அது பலவீனம். கேட்பது விளக்கம் அல்ல. பிரச்சினை என்ன, எந்தச் சட்டம் பொருந்தும், இந்த நபரின் சூழ்நிலைக்கு அது எப்படிப் பொருந்தும், முடிவு என்ன என்று நான்கே அடியில் போக வேண்டும். முதல் தேர்வில் 52 மதிப்பெண் வாங்கிய பிறகுதான் இது எனக்குப் புரிந்தது.

தீர்ப்புகளைப் படிக்கப் பணம் கட்ட வேண்டாம். சாஃப்லீ என்ற இணையதளத்தில் தென்னாப்பிரிக்க நீதிமன்றத் தீர்ப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. நம் ஆசிரியர்களுக்கு முதல் தீர்ப்பாக நான் பரிந்துரைப்பது, அரசியலமைப்பு நீதிமன்றம் 2007 அக்டோபரில் வழங்கிய பிள்ளை வழக்கு. தென்னிந்தியத் தமிழ் இந்துக் குடும்பத்து மாணவி ஒருத்தி பள்ளிக்கு மூக்குத்தி அணிந்து வரலாமா என்ற கேள்வி. டர்பன் சமத்துவ நீதிமன்றம் ஒன்று சொன்னது, பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றம் வேறு சொன்னது, கடைசியில் தலைமை நீதிபதி பியஸ் லங்கா எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு மாணவியின் பக்கம் நின்றது. மதம் கட்டாயப்படுத்தாத, விருப்பத்தின் பேரில் கடைப்பிடிக்கும் வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்று அதில் வருகிறது. பள்ளி விதிகள், பெற்றோர், நிர்வாகக் குழு எல்லாம் நமக்குத் தெரிந்த உலகம். அதனால் நீண்ட தீர்ப்பாக இருந்தாலும் வழி தவறாமல் படிக்கலாம். என் அம்மாவின் மூக்குத்தியைப் பற்றி ஒரு நீதிமன்றம் இவ்வளவு மரியாதையோடு எழுதுமா என்று வியந்து அதை இரண்டு முறை படித்தேன்.

இணையவழித் தேர்வுக்கு மடிக்கணினி மட்டும் போதாது. மின்சாரம் போனால் கைபேசி வழியாக இணைப்பு, முழுதாக ஏற்றிய பேட்டரி, போதுமான டேட்டா மூன்றும் வேண்டும். பதில் கோப்பைப் பதிவேற்றுவதற்கு முன் ஒருமுறை திறந்து பாருங்கள். நான் ஒருமுறை விடைக்குப் பதிலாகப் பள்ளியின் வருகைப் பட்டியலைப் பதிவேற்றிவிட்டேன். அந்தப் பாடத்தைத் திரும்ப எழுத வேண்டியதாயிற்று.

8. பயிற்சி ஒப்பந்தம்

பட்டத்துக்குப் பிறகு நடைமுறைப் பயிற்சி. வழிகள் இரண்டு. ஒன்று, 24 மாதம் ஓர் அட்டர்னியின் கீழ்ப் பணியாற்றுவது. மற்றது, ஆறு மாத முழுநேரச் சட்டப் பயிற்சிப் பள்ளியை முடித்துவிட்டு 12 மாதம் பணியாற்றுவது. இரண்டாவது குறைந்த காலத்தில் முடியும். ஆனால் அந்த ஆறு மாதம் சம்பளம் இல்லை, பள்ளிக் கட்டணமும் உண்டு. நான் முதல் வழியில் போனேன்.

இடம் கிடைப்பதுதான் இந்தப் பயணத்திலேயே கடினமான பகுதி. கடைசி ஆண்டின் ஏப்ரலிலேயே விண்ணப்பிக்கத் தொடங்குங்கள். நான் 41 அலுவலகங்களுக்கு அனுப்பினேன். நான்கு பேர் நேர்காணலுக்கு அழைத்தார்கள். ஓரிடத்தில், "இந்த வயதில் இருபத்து மூன்று வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கோப்பு அடுக்குவீர்களா?" என்று கேட்டார்கள். அடுக்குவேன் என்றேன். அங்கே இடம் கிடைக்கவில்லை.

உங்கள் விண்ணப்பத்தில் ஆசிரியப் பணியை மறைக்காதீர்கள். பெற்றோர்களோடு பேசியது, ஒழுங்கு விசாரணையில் குறிப்பெடுத்தது, தொழிற்சங்கப் பிரதிநிதியாக இருந்தது, இசிசூலு மொழி பேசுவது எல்லாம் அட்டர்னிக்கு வேண்டியவை. குடும்ப வழக்குகளும் தொழிலாளர் வழக்குகளும் நடத்தும் சிறிய அலுவலகங்கள் இந்த அனுபவத்தை மதிக்கின்றன. லீகல் எய்டு சவுத் ஆஃப்ரிகாவும் பல்கலைக்கழகச் சட்ட உதவி மையங்களும் பயிற்சி அட்டர்னிகளை எடுக்கின்றன. அவற்றின் அறிவிப்புகளைத் தவறாமல் பாருங்கள்.

கையெழுத்திடும் முன் பார்க்க வேண்டியவை:

உங்களைப் பயிற்றுவிக்கும் அட்டர்னி அதற்குத் தகுதியானவரா என்று கவுன்சிலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நேற்றுதான் பதிவு பெற்றவர் பயிற்றுவிக்க முடியாது. சொந்தப் பொறுப்பில் சில ஆண்டுகள் தொழில் நடத்தியிருக்க வேண்டும்.

ஒப்பந்தத்தைக் கவுன்சிலில் பதிவு செய்யும் பொறுப்பை அலுவலகத்திடம் விட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். பதிவு தாமதமானால் நீங்கள் உழைத்த மாதங்கள் கணக்கில் வராமல் போகும் ஆபத்து இருக்கிறது. பதிவுச் சான்றைக் கையில் வாங்கும்வரை வாரம் ஒருமுறை கேளுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு நான்கு மாதம் இப்படிப் போனது.

சம்பளம் எவ்வளவு, பயணச் செலவு யார் தருவது, தேர்வுக்கு விடுப்பு உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

பயிற்சிக் காலத்தில் கவுன்சிலின் முன் அனுமதி இல்லாமல் வேறு ஊதிய வேலை பார்க்கக் கூடாது. பள்ளியில் பகுதி நேரமாகத் தொடரலாம் என்ற எண்ணம் இங்கே முடிகிறது.

9. ராஜினாமா

ஆசிரியர் பணி நியமனச் சட்டப்படி 90 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். துறை ஒப்புக்கொண்டால் குறைக்கலாம். பயிற்சி மார்ச் 1-ல் தொடங்கினால் கடிதம் நவம்பர் இறுதிக்குள் போயிருக்க வேண்டும். அதாவது பயிற்சி ஒப்பந்தம் அக்டோபருக்குள் உறுதியாக வேண்டும். வாய்மொழி வாக்குறுதியை நம்பி ராஜினாமாக் கடிதம் கொடுக்காதீர்கள்.

ஓய்வூதியப் பணத்தில் கைவைக்கும் முன் நூறு முறை யோசியுங்கள். ராஜினாமாவின்போது ரொக்கமாக எடுத்தால் முதல் 27,500 ரேண்டுக்கு மேல் வரி விழும்; அந்தச் சலுகையும் வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்து ஒரே ஒரு தடவைக்கானது. ஓய்வூதியப் பணத்தைக் காத்துவைக்கும் பாதுகாப்பு நிதி (பிரிசர்வேஷன் ஃபண்ட்) ஒன்றுக்கு மாற்றிவிட்டால் மாற்றும்போது வரி இல்லை. ஓய்வூதியப் பங்களிப்பைச் சேமிப்புப் பகுதி, ஓய்வுக்காலப் பகுதி என்று பிரிக்கும் இரண்டு பானை முறை 2024 செப்டம்பரில் வந்தது; அதில் சேமிப்புப் பகுதியிலிருந்து வரி ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கலாம். ஆனால் அதுவும் உங்கள் வருமான வரி விகிதத்தில் வெட்டுப்படும். பணியில் இருக்கும்போது அதிக விகிதம், பயிற்சிக் காலத்தில் குறைந்த விகிதம் என்பதை நினைவில் வையுங்கள்.

அரசு ஊழியர் மருத்துவத் திட்டமான ஜெம்ஸும் வேலையோடு போய்விடும். வீட்டு உதவித் தொகையும் போகும். இரண்டையும் மாதச் செலவுக் கணக்கில் சேருங்கள். மூக்குக் கண்ணாடி, பல் சிகிச்சை எல்லாம் ராஜினாமாவுக்கு முன்பே முடித்துக்கொண்டது எனக்கு உதவியது.

10. நான்கு தாள்கள்

பயிற்சியின்போதே கவுன்சிலின் தகுதித் தேர்வை எழுத வேண்டும். நான்கு தாள்கள்: நீதிமன்ற நடைமுறை, உயில்களும் சொத்து நிர்வாகமும், அட்டர்னி தொழில் நடைமுறையும் ஒழுக்கமும், சட்டக் கணக்கியல். தேர்ச்சிக்கு 50 விழுக்காடு. ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும். தவறவிட்டால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்.

ஆசிரியர்கள் வழுக்குவது கணக்கியல் தாளில். கட்சிக்காரரின் பணம் ஓர் அட்டர்னியின் டிரஸ்ட் கணக்கில் எப்படி நுழைகிறது, எப்படி வெளியேறுகிறது, எந்த நிமிடம் அது அட்டர்னியின் பணமாகிறது என்பதுதான் அதன் உயிர். எங்கள் அலுவலகக் கணக்காளரான அக்காவிடம் மதிய உணவு நேரத்தில் மூன்று மாதம் உட்கார்ந்து கற்றேன். உண்மையான பேரேட்டைப் பார்த்துக் கற்றுக்கொண்டது எந்தப் புத்தகத்திலும் கிடைக்கவில்லை. உயில் தாள் நம் ஆட்களுக்கு வீட்டிலேயே பயன்படும்: பதிவு செய்யாத திருமணம், உயில் எழுதாமல் இறந்த தாத்தா, நான்கு பேர் பெயரில் ஒரு வீடு.

11. உயர் நீதிமன்றம்

பயிற்சியும் தேர்வும் முடிந்ததும் உயர் நீதிமன்றத்தில் விண்ணப்பம். க்வாசூலு-நட்டாலில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் டர்பனிலும் உயர் நீதிமன்றம் அமர்கிறது. அடையாள அட்டை, பட்டச் சான்று, பயிற்சி ஒப்பந்தம், பயிற்சி முடித்ததற்கு வழிகாட்டி அட்டர்னியின் பிரமாணப் பத்திரம், தேர்வு முடிவு, உங்கள் சொந்தப் பிரமாணப் பத்திரம் எல்லாம் இணைக்க வேண்டும். கவுன்சிலுக்கும் ஒரு பிரதி போகும். அவர்கள் பார்த்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். எனக்குக் கடைசித் தேர்வு முடிவிலிருந்து உறுதிமொழி வரை நான்கு மாதம் ஆனது. விண்ணப்பத்தைத் தெரிந்த சக ஊழியர்கள் இலவசமாகத் தயாரித்துத் தந்தால் செலவு பெரிதும் குறையும். வெட்கப்படாமல் கேளுங்கள், இந்தத் தொழிலில் அது வழக்கம்.

நீங்கள் தகுதியும் நேர்மையும் உள்ளவர் என்று நீதிமன்றம் திருப்தி அடைய வேண்டும். இங்கே ஆசிரியர்கள் செய்யும் தவறு, பழைய ஒழுங்கு விசாரணையை மறைப்பது. எச்சரிக்கைக் கடிதமோ, ஆசிரியர் கவுன்சிலுக்குப் போன புகாரோ, கட்டாமல் விட்ட கடனுக்கு வந்த தீர்ப்போ இருந்தால் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். பழைய தவறைவிட அதை மறைத்தது பெரிய தவறாகப் பார்க்கப்படும். என் மேல் 2009-ல் ஒரு பெற்றோர் கொடுத்த புகார் இருந்தது. விசாரித்துத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். அதையும் எழுதி, தள்ளுபடிக் கடிதத்தையும் இணைத்தேன். யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

உறுதிமொழி நாளில் அடையாள அட்டையின் மூலப் பிரதியை எடுத்துச் செல்லுங்கள். கறுப்பு அங்கியை வாங்க அவசரப்பட வேண்டாம், அன்றைக்கு யாரிடமாவது இரவல் கிடைக்கும். காலை ஒன்பது மணிக்கெல்லாம் அங்கே இருங்கள். வரிசையில் உங்கள் பெயரை அழைக்கும்போது எந்த எழுத்துகளோடு அழைக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். தீர்ப்பாணையில் பெயர் தவறாக இருந்தால் அன்றே, அங்கேயே பதிவாளரிடம் சொல்லித் திருத்திக்கொள்ளுங்கள்.